மௌன வீட்டில் பந்தி விசாரித்தவர்

போன சனிக்கிழமை யூனியன்வில்லில், மகளின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கராஜ் சேல். எனக்கு இந்தக் கராஜ் சேல்களைக் கண்டால் ஆகாது. ஒரு வீட்டில் வேண்டாம் என்று கழித்ததை இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வேண்டாம் என்று வைப்பதற்கு எதற்கு இத்தனை ஆரவாரம்? ஆனால் நடக்கப் போன காலுக்கு நிற்க ஒரு சாட்டு வேண்டுமே. நின்றேன். பழைய ஸ்கேற்றிங் சப்பாத்துகளுக்கும் மூடி தொலைந்த ஒரு கேத்திலுக்கும் நடுவில் ஓர் அடுக்குப் பீங்கான் கிடந்தது. கனத்த வெள்ளைப் பீங்கான், விளிம்பில் பச்சைக் கோடு. ஒன்றைத் தூக்கினேன். தூக்கியதும் கைக்கு அந்தப் பாரம் தெரிந்துவிட்டது. அவித்த முட்டைக்கோவாவும் ஈரத்துணியும் கலந்த ஒரு மணம், எங்கிருந்தோ தெரியாது, மூக்கில் ஏறியது.

"அம்மா, வீ ஹாவ் இனஃப் பிளேட்ஸ்," என்றாள் மகள். அவளுக்கு எல்லாவற்றிலும் இனஃப்தான். நான் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். நான் ஒரு காலத்தில் பரிமாறிய அந்த வீட்டுப் பீங்கானா, அதே மாதிரி வேறு எங்காவது இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இப்படி ஆயிரம் பீங்கான் செய்திருப்பார்கள். ஆனாலும் வீடு வந்து சேரும் மட்டும் அதை நெஞ்சோடு அணைத்தபடிதான் நடந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ரொறன்ரோவில், வெக்ஸ்போர்ட் பக்கம் ஓர் அப்பார்ட்மெண்டின் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். ஊரில் நான் பத்து வருடம் கணக்குப் படிப்பித்தவள். இங்கே வந்து இரண்டு வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தேன். கணக்கு ரீச்சர் வேலை அல்ல; அந்த ஆசையை விமான நிலையத்திலேயே விட்டாயிற்று. ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்குகிற வேலை, அவ்வளவுதான். மூன்று தரம் நேர்முகத்துக்குப் போனேன். மூன்று தரமும் ஒரே கேள்வி: "கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கிறதா?" தட்டு அடுக்குவதில் கனேடியத் தட்டு, யாழ்ப்பாணத் தட்டு என்று இரண்டு வகை உண்டோ என்று கேட்க வாய் உன்னும். கேட்டால் வேலை கிடைக்காது. கேட்காமல் இருந்தும் கிடைக்கவில்லை.

வேலை தேடித் தருகிற அலுவலகத்தில் ஒரு பெண், வயது இருபத்திரண்டு இருக்கும், எனக்கு வழி சொன்னாள். எங்காவது ஒரு பெரிய குசினியில் மூன்று மாதம் சம்பளம் இல்லாமல் தொண்டு செய்; முடிவில் அவர்களிடம் ஒரு கடிதம் வாங்கு; அந்தக் கடிதம்தான் எக்ஸ்பீரியன்ஸ். அப்போது இவர், என் கணவர், வேலை செய்த தொழிற்சாலையை மூடப் போகிறார்கள் என்று கதை அடிபட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கடிதம் இல்லாவிட்டால் வாடகைக்கே வழியில்லை என்ற நிலை. ஆகவே, ஒரு துண்டுக் காகிதத்துக்காக மூன்று மாதம் கூலியில்லாமல் உழைக்கப் போனேன். பத்து வருடம் கணக்குப் படிப்பித்தவளுக்கு அந்தக் கணக்கு மட்டும் விளங்கவில்லை.

அந்த இடம் ஸ்காபரோவில் ஏரிக்கரை மேட்டில் இருந்த ஒரு செங்கல் வீடு. அயர்லாந்திலிருந்து எப்போதோ வந்த கன்னியாஸ்திரிகள் நடத்திய தியான இல்லம். நாடெங்குமிருந்து பாதிரிமார், சிஸ்டர்மார், சாதாரண ஆட்கள் எல்லாரும் வந்து ஆறு நாள், எட்டு நாள் என்று தங்குவார்கள். தங்குகிற நாள் முழுக்க மௌனம். ஒரு சொல் பேசக்கூடாது. இதைக் கேட்டதும் இவர் சிரித்தார்.

"நீ போறியோ? வாயை மூடிக்கொண்டு? அது சரி, பேந்து கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிக்கீறிப் போடாதை."

"கடிதம் தந்தால் மாறினாலும் மாறுவன்," என்றேன். எனக்கு அப்போது இருந்த எரிச்சலில் யார் என்ன சொன்னாலும் இப்படித்தான் பதில் வரும்.

குசினிக்குப் பொறுப்பு சிஸ்டர் ஊனா. எழுபது வயதிருக்கும், குட்டையான ஆள், சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டியபடிதான் எப்போதும் இருப்பார். நல்ல மனுசி, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவது முழுக்க முறைப்பாடு. அவருக்கு உருளைக்கிழங்கில் இருந்த பக்தி கடவுளில் இருந்ததோ என்று நான் சந்தேகப்பட்டதுண்டு. தோலை மெல்லிசாகச் சீவ வேண்டும். நான் சீவிய தோலை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் ஒரு பெருமூச்சு. ஊரில் என் மாணவர்களின் கொப்பிகளில் நான் விட்ட பெருமூச்சுகளுக்கெல்லாம் சேர்த்து எனக்கு அங்கே கிடைத்தது.

காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, இரவில் கிழங்கு. கோவாவை அதன் பச்சை நிறம் போகும் மட்டும் அவிப்பது. உப்பு, கூடினால் கொஞ்சம் மிளகு. தேத்தண்ணி மட்டும் எங்கள் ஊர்ச் செத்தவீட்டுத் தேத்தண்ணி மாதிரி கறுத்துக் கிடக்கும். அந்த ஒரு விஷயத்தில் அயர்லாந்துக்காரரை எனக்குப் பிடித்தது.

மௌனம் வந்து தங்குகிறவர்களுக்கு மட்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை, குசினிக்கும் உண்டு. குசினிக்கும் சாப்பாட்டறைக்கும் நடுவில் ஒரு சின்ன யன்னல், சத்தம் கேட்டுவிடுமாம். ஆகவே குளிர்ப்பெட்டியின் கதவில் நூலில் கட்டிய ஒரு சின்னக் கொப்பியும் பென்சிலும் தொங்கும். எதுவானாலும் அதில்தான் எழுத வேண்டும். "வெங்காயம் போதாது." "பானையை அடுப்பில் வை." அவசரமானால் சிஸ்டர் கீழே மூன்று கோடு போடுவார். கதைத்தே ஆக வேண்டுமென்றால் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கதைக்கலாம். மா மூட்டைகளுக்கு நடுவில் நின்று, குசுகுசுவென்று. களவெடுக்கிற ஆட்கள் மாதிரி.

பரிமாறுவதும் நாங்கள்தான். ஒரு தள்ளுவண்டியில் சட்டிகளை வைத்து மேசை மேசையாகப் போய்ப் பீங்கானில் வைக்க வேண்டும். வாய் திறக்கக்கூடாத ஆட்கள் போதும் என்று எப்படிச் சொல்வது? அதற்கும் சிஸ்டர் ஒரு சட்டம் வைத்திருந்தார். உள்ளங்கையை விரித்துக் கையை உயர்த்தினால் போதும் என்று அர்த்தம். உடனே நிறுத்த வேண்டும். இதில் விளங்காமல் இருக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், கனகசபை அண்ணை வரும் மட்டும்.

அவர் வந்தது என்னுடைய நாலாவது கிழமையில். அறுபத்தைந்து வயது, நெடுவல், கழுத்தில் மப்ளரைச் சுற்றி அதற்கு மேல் இன்னொரு மப்ளர். ஊரில் கச்சேரி என்கிற அரச அலுவலகத்தில் தலைமைக் கிளாக்காக இருந்து பென்சன் எடுத்தவர். மகளோடு ரெக்ஸ்டேலில் இருந்தார். ரெக்ஸ்டேல் எங்கே, ஸ்காபரோ எங்கே? மூன்று பஸ், ஒரு சப்வே, போக இரண்டு மணித்தியாலம், வர இரண்டு மணித்தியாலம். "ஏன் அண்ணை இவ்வளவு தூரம்?" என்று முதல் நாளே சாமான் அறைக்குள் கேட்டேன்.

"மகளும் மருமகனும் வேலைக்குப் போயிடுவினம், பிள்ளை. நான் காலமையிலையிருந்து சுவரோடை கதைக்கிறன். விசர் பிடிச்சிடும் போல கிடந்துது. ஒரு பாதிரியார்தான் சொன்னவர், இஞ்சை வந்தால் நாலு சனத்தைக் காணலாம் எண்டு."

நாலு சனத்தைக் காணலாம்தான். கதைக்க முடியாதே! மனுசன் கதைக்க ஆள் தேடி, ரொறன்ரோ முழுக்கத் தேடி, வாய் திறக்கக்கூடாத ஒரே ஒரு வீட்டைக் கண்டுபிடித்து வந்து சேர்ந்திருக்கிறார். அந்தப் பாதிரியாரை நான் ஒரு நாள் காண வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது. ஆயுளில் குசினிக்குள் காலடி எடுத்து வைத்திராத ஆள். ஆனால் பரிமாறத் தெரியும். ஊரில் சொந்தத்துக்குள் எந்தக் கல்யாணவீடானாலும் செத்தவீட்டு அந்தியேட்டியானாலும் பந்தி விசாரிப்பது அவர்தானாம். இடுப்பில் சால்வையைக் கட்டி, கரண்டியோடு அவர் இறங்கினால் ஒருவரும் அரை வயிற்றோடு எழும்ப முடியாதாம். இதை அவரே ஐந்து தரம் சொன்னார், ஐந்து தரமும் மா மூட்டையில் சாய்ந்தபடி. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அடுப்பில் இருக்கிற கோவாதான் நினைவு.

முதல் நாள் பரிமாறிவிட்டு வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பீங்கானிலும் கிழங்கு மலை மாதிரி. பாவம் அந்த ஆட்கள். வாய் திறக்க முடியாது, வைத்ததை நன்றியோடு சாப்பிட வேண்டும் என்பது அவர்களின் வழக்கம், எறியவும் மாட்டார்கள். மெல்ல மெல்ல, மூச்சு விட்டு மூச்சு விட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் என்னை அழைத்துக் கொப்பியில் எழுதினார்: "அவருக்கு விளங்கப்படுத்து." கீழே இரண்டு கோடு. அன்றிலிருந்து கனகசபை அண்ணையை விளங்கப்படுத்துவது என் வேலையாயிற்று. உருளைக்கிழங்குத் தோலே மேல்.

"அண்ணை, அவை கையை உயர்த்தினால் போதும் எண்டு அர்த்தம். நிப்பாட்ட வேணும்."

"எனக்குத் தெரியாதே? கையை மறிக்கிறது மரியாதைக்கு, பிள்ளை. நல்ல குடும்பத்து ஆக்கள் ஆரும் கையை மறிக்காமல் வாங்குவினமே? மறிச்ச பிறகு ஒரு கரண்டி வைக்க வேணும். வைக்காட்டில் அவமரியாதை."

"இது எங்கடை ஊர் இல்லை அண்ணை. இவை மறிச்சால் மறிச்சதுதான்."

"பசி எல்லா ஊரிலையும் ஒண்டுதான். அதுகள் பாவங்கள் வாய் விட்டுக் கேக்கவும் ஏலாமல் இருக்குதுகள். நாங்கள்தான் அறிஞ்சு வைக்க வேணும்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். உண்மையாகவே அடித்துக்கொண்டேன், மாக் கையோடு. நாள்தோறும் இதே வழக்கு. ஒரு நாள் ஒரு மேசையில் ஒரு சின்னத் துண்டு கிடந்தது, ஒரு வெள்ளைக்காரப் பெண் எழுதியது: "தயவுசெய்து, கொஞ்சமாக." அதை அவரிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். "பாத்தியே, எவ்வளவு நல்ல பழக்கம் அந்தப் பிள்ளைக்கு. எழுதி வேற மறிக்கிறாள்," என்றார். அடுத்த நாள் அவளுக்குத்தான் முதலில் வைத்தார்.

சிஸ்டர் ஊனா பொறுமைசாலி. ஆனால் அந்தப் பொறுமைக்கும் ஓர் எல்லை இருந்தது. ஒரு நாள் என்னைச் சாமான் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்: "இன்னொரு முறை ஏதாவது குழப்பம் நடந்தால் எனக்கு வேறு வழியில்லை. உங்கள் இரண்டு பேரில் யாராக இருந்தாலும்." அப்போது என்னுடைய மூன்று மாதம் முடிய இரண்டு கிழமைதான் இருந்தது. இவருடைய தொழிற்சாலையில் ஆட்குறைப்பு தொடங்கிவிட்டது. நான் இரவில் கண்ணை மூடினால் அந்தக் கடிதம்தான், தியான இல்லத்தின் முத்திரையோடு, தெரிந்துகொண்டிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு பெரிய தியானத்தின் ஆறாம் நாள். இருபத்திரண்டு பேர், பெரும்பாலும் வயதான கன்னியாஸ்திரிகள். கடைசி நாள் அவர்களுக்கு உபவாசம். மத்தியானம் ஆளுக்கு ஒரு கரண்டி பட்டாணி சூப், ஒரு துண்டு பாண். இரவுச் சாப்பாடு வரும் வரை வேறு ஒன்றுமில்லை. சிஸ்டர் ஊனா சூப்பை என்னிடம் ஒப்படைத்துவிட்டுத் தானும் ஜெபிக்கப் போய்விட்டார். மெல்லிய நெருப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

கனகசபை அண்ணை கொப்பியைப் பார்த்தார். "ஒரு கரண்டி" என்று எழுதி, கீழே மூன்று கோடு. என்னைப் பார்த்தார். சாமான் அறையைக் கண்ணால் காட்டினார். போகாமல் விட்டிருக்கலாம். ஆனால் அன்றைக்கு இதைத் தீர்த்தே விடுவது என்று எனக்கும் ஒரு வீறாப்பு.

"ஆறு நாள் வாய் மூடிக் கிடந்த சனத்துக்கு ஒரு கரண்டி தண்ணியோ?" என்று அவர் கேட்டார்.

"உபவாசம் அண்ணை. அவை விரும்பி இருக்கிற விரதம்."

"விரதம் எண்டால் நாங்கள் இருக்கிறேல்லையோ? கந்தசட்டி முடிஞ்சு பாறணைக்கு எத்தினை கறி? வெள்ளிக்கிழமை விரதம் எண்டு சொல்லிப்போட்டு நீ என்ன, பட்டினியே கிடக்கிறனீ?"

கிடப்பதில்லைதான். வெள்ளிக்கிழமைதான் என் வீட்டில் நல்ல சாப்பாடு. ஆனால் அதை ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இரண்டு மாதத்து எரிச்சலையும் எடுத்துக் கொட்டினேன். கையை மறிப்பது பற்றி, மலை மாதிரி வைப்பது பற்றி, என்னுடைய கடிதம் பற்றி, என் கணவருடைய வேலை பற்றி. ஊரில் நாப்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்ற குரல், குசுகுசுவிலும் அதே வேகம். அவர் மா மூட்டையில் சாய்ந்தபடி முழுவதையும் கேட்டார். வாழ்க்கையில் அவர் அப்படிக் கேட்டது அன்றைக்குத்தான் இருக்கும். பிறகு மூக்கை உறிஞ்சினார்.

"பிள்ளை, ஏதோ மணக்குது."

சூப் அடிப்பிடித்திருந்தது. கொஞ்சம் நஞ்சமல்ல. கரண்டியை விட்டுப் பார்த்தேன், அடியில் ஒரு விரல் தடிப்பில் கறுப்பு. ருசி பார்த்தேன். முழுப் பானையும் கரி. மணிக்கூட்டில் பன்னிரண்டுக்கு இருபது நிமிடம். நான் சுவரோடு சாய்ந்து நின்று அழுதேன். மௌன வீட்டில் சத்தமில்லாமல் அழவும் பழகியிருந்தேன்.

அவர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு கொப்பியைக்கூடத் தொடாமல், குசினியிலேயே, வாய் திறந்து சொன்னார்: "அழாதை. உந்தக் கிழங்கு கிடக்கல்லோ?"

இரவுச் சாப்பாட்டுக்கு அவித்து வைத்த கிழங்கு ஒரு கிடாரம் நிறைய இருந்தது. இனி நடந்ததற்கு முழுப் பொறுப்பும் அவருடையது என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் தாச்சியை அடுப்பில் வைத்தவள் நான். பட்டரில் வெங்காயத்தைப் போட்டு வதக்கியவள் நான். அவர் தன் கோட்டுப் பையிலிருந்து ஒரு ஜாம் போத்தலை எடுத்து நீட்டினார். உள்ளே கறித்தூள். அந்த வீட்டுச் சாப்பாட்டை வாயில் வைக்க முடியாமல் மனுசன் மூன்று பஸ்ஸிலும் அதைக் காவிக்கொண்டு திரிந்திருக்கிறார். இரண்டு கரண்டி போட்டேன். இரண்டரை மாதத்துக்குப் பிறகு அந்தக் குசினியில் முதல் தடவையாகச் சாப்பாட்டு மணம் வந்தது. என் கண்ணில் திரும்பவும் தண்ணீர், இந்த முறை வேறு காரணத்துக்கு.

பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தது. கனகசபை அண்ணை ஏப்ரனை இறுக்கிக் கட்டினார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். நான் யன்னலடியில் நின்று பார்த்தேன்.

உபவாசத்துக்கு வந்து உட்கார்ந்த இருபத்திரண்டு பேரும் கிழங்குப் பிரட்டல் கறியைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கேட்க வாய் இல்லை. ஒருவர் ஒரு துண்டை வாயில் வைத்தார். பிறகு எல்லாரும் வைத்தார்கள். அண்ணை இரண்டாம் சுற்று வந்தார். முதல் மேசையில் இருந்த, எண்பதைத் தாண்டிய ஒரு குட்டிக் கன்னியாஸ்திரி கையை உயர்த்தினார். அண்ணை ஒரு கரண்டி வைத்தார். அந்தச் சிஸ்டர் இரண்டு கையையும் உயர்த்தினார். இன்னொரு கரண்டி. அந்த அம்மா கை துடைக்கிற துணியை எடுத்துப் பீங்கானை மூடினார். கனகசபை அண்ணை அந்தத் துணியின் ஒரு மூலையை, மணப்பெண்ணின் முந்தானையைத் தொடுகிற மரியாதையோடு, மெல்ல விலக்கி, அதற்குள்ளால் ஒரு கரண்டி வைத்தார்.

"ஓ, மேன்! நோ மோர்!" என்று அந்த அம்மா சத்தமாகச் சொன்னார்.

ஆறு நாளில் முதல் சொல். பக்கத்தில் இருந்தவர் களுக்கென்று சிரித்தார். அடுத்தவர் சிரித்தார். அடக்க அடக்கச் சிரிப்பு கூடும், உங்களுக்குத் தெரியும்தானே. இருபத்திரண்டு பேரும் மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வழியச் சிரித்தார்கள். நடுவில் அண்ணை கரண்டியோடு நின்று, பந்தி நிறைந்த சந்தோசத்தில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் சிஸ்டர் ஊனா வாசலில் வந்து நின்றார்.

அவர் கத்தவில்லை. அண்ணையின் கையிலிருந்து கரண்டியை வாங்கினார், எங்கள் இருவரையும் சாமான் அறைக்குள் கூட்டிப் போனார், கதவைச் சாத்தினார். அவருடைய முகம் சிவந்திருந்தது. "இந்த ஆறு நாளுக்காக அவர்களில் சிலர் ஒரு வருடம் காத்திருந்தார்கள். கடைசி நாளை நீங்கள் அவர்களிடமிருந்து எடுத்துவிட்டீர்கள்," என்றார். சொன்னது நியாயம். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம். பிறகு கேட்டார்: "சூப்பை எரித்தது யார்? இதைச் சமைத்தது யார்?"

நான் வாய் திறந்திருக்க வேண்டும். அந்த வீட்டில் கதைக்க அனுமதி உள்ள ஒரே ஓர் அறையில்தான் நின்றேன். கேள்வியும் என்னிடம்தான் கேட்கப்பட்டது. கண்ணுக்கு முன்னால் அந்தக் கடிதம்.

கனகசபை அண்ணை தொண்டையைச் செருமினார். கச்சேரியில் முப்பது வருடம் கடிதம் எழுதிய இங்கிலீஷ் வெளியே வந்தது. "சிஸ்டர், ஐ ஆம் தி பேர்சன் ரெஸ்பொன்சிபிள். ஐ பேர்ண்ட் த சூப். ஐ குக்ட் த பொட்டேற்றோ. திஸ் லேடி ஒப்ஜெக்டட். ஐ டிட் நொட் லிசின்."

கத்தி பிடிக்கத் தெரியாத மனுசன் தான் சமைத்ததாகச் சொல்கிறார். சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் மா மூட்டையைப் பார்த்தேன்.

அண்ணையைத் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். அவர் இரண்டு மப்ளரையும் சுற்றி, கோட்டைப் போட்டு, வாசலில் நின்று எனக்குத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். பஸ் தரிப்பு வரைக்கும் கூடப் போயிருக்கலாம். போகவில்லை, எனக்குக் கழுவப் பானை இருந்தது. அந்தக் கரிப் பானையை நான் மூன்று மணி வரைக்கும் உரஞ்சினேன். சிஸ்டர் ஊனா கையைச் சுருட்டிக்கொண்டு உதவிக்கு வந்தார். "பாவம், அவர் செய்ததுக்கு நீ கஷ்டப்படுகிறாய்," என்று காதுக்குள் சொல்லி முதுகில் தட்டினார். அந்தத் தட்டை நான் வாங்கிக்கொண்டேன்.

இரண்டு கிழமையில் கடிதம் கிடைத்தது. நேரம் தவறாதவர், சுத்தமானவர், அதிகம் பேசாதவர் என்று எழுதியிருந்தார்கள். சிஸ்டரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கடைசி நாள் போனேன். கொப்பியில் எழுதவும் செய்தேன். எழுதிய தாளைக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை. இருபத்தைந்து வருடம் அதே குசினியில் தட்டு அடுக்கிப் பென்சன் எடுத்தேன். ஒவ்வொரு தட்டிலும் ஒரு சீட்டு இருக்கும்: கிழங்கு இவ்வளவு, பட்டாணி இவ்வளவு. ஒரு கரண்டி கூட வைத்தால் எழுத்தில் எச்சரிக்கை வரும்.

அண்ணையின் ரெக்ஸ்டேல் போன் நம்பர் என்னிடம் இருந்தது. எடுப்பேன், வைத்துவிடுவேன். திரும்பவும் சுவரோடு கதைத்துக்கொண்டிருப்பார் என்று நினைக்க நினைக்க, கெதியாக எடுக்க வேண்டும் என்று தோன்றும்; அதே நினைப்புத்தான் எடுக்க விடாமலும் செய்தது.

தொண்ணூற்றொன்பதில் என்று நினைக்கிறேன், வெக்ஸ்போர்ட்டில் ஒரு தமிழ்க் கடையில் கத்தரிக்காய் தெரிவு செய்துகொண்டிருந்தேன். "என்ன பிள்ளை, புழுச் சூத்தை இல்லாததாப் பாத்து எடு," என்று ஒரு குரல். திரும்பினால் அதே இரண்டு மப்ளர். மெலிந்திருந்தார். ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவராம்.

"உன்ரை கடிதம் கிடைச்சதே?" முதல் கேள்வியே அதுதான்.

"ஓம் அண்ணை. வேலையும் கிடைச்சிட்டுது."

"அப்ப சரி." முகம் மலர்ந்தது. பிறகு கிட்டே வந்து, சாமான் அறைக் குரலில் சொன்னார்: "அண்டைக்கு ஒருத்தரும் பீங்கானிலை மிச்சம் விடேல்லை, கண்டனியே? வழிச்சுத் துடைச்செல்லோ சாப்பிட்டவை."

"அண்ணை, அண்டைக்கு நான் வாய் திறந்து..." என்று தொடங்கினேன்.

அவர் கையை உயர்த்தினார். உள்ளங்கையை விரித்து, என் முகத்துக்கு நேரே. "காணும் பிள்ளை, போதும்."

நான் நிறுத்திவிட்டேன். கத்தரிக்காயின் விலையைப் பற்றி ஏதோ கதைத்தோம். அவர் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார்.

அந்தச் செங்கல் வீடு இப்போது இல்லை. ஏரியைப் பார்க்கிற ஒரு கொண்டோ அடுக்குமாடி நிற்கிறது. குசினி இருந்த இடத்தில் கார்கள் இறங்குகிற வழி. சிஸ்டர் ஊனா அயர்லாந்துக்கே திரும்பிப் போனார் என்று கேள்விப்பட்டேன், அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. கனகசபை அண்ணையின் மரண அறிவித்தலைத் தமிழ்ப் பேப்பரில் பார்த்தேன், இரண்டு நாள் பிந்தி. கடிதம் வீடு மாறியதில் எங்கோ போயிற்று. பந்தியும் போயிற்று. இப்போது மார்க்கம் நகரத்துக் கல்யாண மண்டபங்களில் வரிசையில் நின்று, இடுக்கியால் நாங்களே எடுத்து, நாங்களே நிறுத்திக்கொள்கிறோம். கையை மறிக்க வேண்டிய தேவையே இல்லை.

அந்தப் பச்சைக்கோட்டுப் பீங்கானைக் கழுவி மேசையில் வைத்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் என் மேல்தான் எரிச்சல் வருகிறது. இரண்டு மாதம் அந்த மனுசன் மா மூட்டையில் சாய்ந்துகொண்டு எனக்கு ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், கையை மறிப்பது மரியாதைக்கு என்று. அவர் மறித்த பிறகும் நான் சொல்லியிருக்க வேண்டும்.